1015 படிகளும் ஒரு மர மேடையும்: யமாடெரா பற்றி வாசகர் கேள்விகள்

ஜப்பானின் வடகிழக்கில், யமகாட்டா நகரத்துக்குப் பக்கத்து மலையில் இருக்கும் யமாடெரா கோயிலைப் பற்றிப் போன இதழில் சில பத்திகள் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். கோயிலின் முறையான பெயர் ரிஷ்ஷாகுஜி. ஆனால் ஊரும் ஸ்டேஷனும் யமாடெராதான், நாமும் அப்படியே அழைப்போம்.

அம்மாவுக்கு 67 வயது. பழனி படி ஏறிய பழக்கம் உண்டு, ஆனால் இப்போது முழங்கால் வலி. 1015 படி என்று எழுதியிருந்தீர்கள். விஞ்ச், ரோப் கார் ஏதாவது இருக்கிறதா? கூட்டிக்கொண்டு போகலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

விஞ்சும் இல்லை, ரோப் காரும் இல்லை, காலை நம்பித்தான் போக வேண்டும். அதற்காக அம்மாவை ஹோட்டலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்விடாதீர்கள்.

1015 என்பது அடிவாரத்தில் தொடங்கி உச்சியில் இருக்கும் ஒகுனோயின் சன்னதி வரைக்குமான கணக்கு. ஒரே நேராக வானத்தைப் பார்த்துப் போகும் படிகள் இல்லை. உயரமான சுகி என்ற ஊசியிலை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது, நடுநடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளம் வருகிறது, ஒவ்வொரு திருப்பத்திலும் பார்க்க ஏதாவது இருக்கிறது. சாதாரணமாக ஏறி இறங்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அம்மாவோடு போனால் மூன்று மணி நேரம் ஒதுக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்காமல் போங்கள். முழங்கால்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம், அதுவும் மழை பெய்த மறுநாள் கல்படி வழுக்கும், அதனால் கைத்தடியும் பிடிமானமுள்ள ஷூவும் கட்டாயம்.

முடியவில்லை என்றால் பாதியில் திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை. அடிவாரத்திலேயே கொன்போன் சூடோ என்ற மூல மண்டபம் இருக்கிறது. 1356-ல் திரும்பக் கட்டியது, பீச் மரத்தில் கட்டி இன்றும் நிற்கும் ஜப்பானியக் கட்டடங்களில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். அதைப் பார்க்க மலையேறவே வேண்டாம். ஆற்றுக்கு எதிர்க்கரையில், மேட்டின் மேல் ஹைக்கூ கவிஞர் பாஷோவின் நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் பாறையும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் மண்டபங்களும் மொத்தமாகத் தெரியும். மலையில் நிற்பவர்களுக்குக்கூட அந்தக் காட்சி கிடைக்காது.

இன்னொன்று. ஏறும் வழியில் ஓரிடத்தில் பாறையை ஒட்டிப் பாதை மிகவும் குறுகிவிடும், கால் வைக்கும் இடம் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம்தான். யோன்சுன் மிச்சி என்று பெயர். கோயிலைத் தொடங்கிய எந்நின் துறவி கால் வைத்த இடத்தில்தான் பெற்றோர் கால் வைத்தார்கள், பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் அங்கேயேதான் வைத்தாக வேண்டும், வேறு இடமே கிடையாது. அதனால் பெற்றோர் பிள்ளை பாதை என்றும் அதைச் சொல்வார்கள். அம்மாவை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் போங்கள். அந்த இடம் வரைக்கும் வந்துவிட்டாலே போதும் என்பது என் எண்ணம்.

டோக்கியோவில் ஒரு வாரம் தங்குகிறோம். யமாடெராவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா?
– ஒரு வாசகர், பெங்களூரு

முடியும், காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். டோக்கியோவிலிருந்து செண்டாய்க்கு வேகமான ஷிங்கான்சென்னில் ஒன்றரை மணி நேரம். செண்டாயில் பெரிய பைகளை லாக்கரில் போட்டுவிட்டு சென்ஸன் லைன் ரயிலைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் யமாடெரா. 1937-ல் முழுமையாகத் திறந்த பாதை இது, மலைத்தொடரைக் குடைந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான குகைக்குள் போய் மறுபக்கம் வெளியே வரும். வந்ததும் தயாராக இருங்கள், அடுத்த சில நிமிடங்களில் இறங்க வேண்டியதுதான்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். செண்டாயில் கிளம்பும் சென்ஸன் ரயில்களில் பல பாதி வழியில் அயாஷி என்ற ஸ்டேஷனோடு நின்றுவிடும், ஆகவே பலகையில் யமகாட்டா என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். அப்புறம், மலைக்கு இந்தப் பக்கம் வரும் ரயில்கள் மணிக்கு ஒன்று என்ற அளவில்தான். இறங்கியதுமே திரும்பும் ரயில் நேரங்களை ஸ்டேஷனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கதவு தானாகத் திறக்காவிட்டால் பயப்பட வேண்டாம், பக்கத்தில் பட்டன் இருக்கும், அழுத்த வேண்டும்.

வந்த வழியே திரும்ப வேண்டும் என்றும் இல்லை. அதே லைனில் தொடர்ந்து போனால் இருபது நிமிடத்தில் யமகாட்டா நகரம், அங்கிருந்து சுபாசா ரயில் நேராக டோக்கியோவுக்குப் போகிறது. கொஞ்சம் நேரம் கூடுதல், ஆனால் வேறு ஊர், வேறு மலை பார்த்துக்கொண்டு வரலாம். இருந்தாலும் ஓர் இரவு செண்டாயிலோ யமகாட்டாவிலோ தங்க முடிந்தால் தங்குங்கள். ஒரே நாளில் போகிறவர்கள் மேலே போய்ச் சேரும் நேரத்தில்தான் பஸ் கூட்டமும் வந்து சேர்கிறது. காலை எட்டு மணி சுமாருக்கு ஏறத் தொடங்கினால் அது வேறு மலை.

அந்தப் பாறை விளிம்பில் சிவப்பாகச் சின்ன வீடு மாதிரி ஒன்று எல்லாப் படங்களிலும் வருகிறதே, அதுதான் நீங்கள் சொன்ன கோடாய்டோவா? உள்ளே போக முடியுமா? எந்த நேரம் வெளிச்சம் நன்றாக இருக்கும்?
– ஒரு வாசகர், மதுரை

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சிவப்பாகத் தெரிவது நோக்யோடோ, பிரதியெடுத்த சூத்திரங்களை வைப்பதற்கான மிகச் சிறிய மண்டபம், மலைமேல் இருப்பவற்றில் பழையது. உள்ளே போக முடியாது, கிட்டே போகவும் விட மாட்டார்கள். அதற்கு நேர் கீழே பாறைக்குள் ஒரு குகை, இந்தக் கோயிலைத் தொடங்கிய எந்நின் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார் என்பது இங்குள்ள மரபு. படம் எடுக்கும் எல்லோரும் ஒரு சமாதியைத்தான் படம் எடுக்கிறார்கள், ஆனால் பலருக்கு அது தெரியாது. எந்நின் சாதாரண ஆள் இல்லை. 838-ல் சீனாவுக்குக் கப்பலேறி ஒன்பது வருடம் அலைந்து படித்து, அதை நாட்குறிப்பாகவும் எழுதி வைத்தவர். திரும்பி வந்த பிறகு 860-ல் இந்தக் கோயிலைத் தொடங்கினார். பக்கத்தில் உள்ள கைசன்டோ மண்டபத்தில் அவருடைய மரச்சிலைக்கு இன்றும் காலையும் மாலையும் சாதமும் ஊதுபத்தியும் படைக்கிறார்கள்.

கோடாய்டோ அங்கிருந்து இன்னும் சில படி மேலே. பாறையிலிருந்து வெளியே நீட்டிக் கட்டிய மர மேடை, மேலே கூரை, மூன்று பக்கமும் திறந்த வெளி. யார் வேண்டுமானாலும் ஏறி நிற்கலாம். கீழே ஆறு, வீடுகள், தண்டவாளம், எதிரே அடுக்கடுக்காக மலை. மழைக்காலத்தில் மேகம் பள்ளத்தாக்கில் அடைந்து கிடந்து மெதுவாக விலகும், அதற்காகக் காத்திருக்கலாம், காத்திருக்க வேண்டும். வெளிச்சம் பற்றிக் கேட்டீர்கள், காலையே நல்லது. இலை நிறம் மாறும் காலம் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முன்பாதி வரை, கூட்டமும் அப்போதுதான்.

ஆனால் அது பார்வை மேடை மட்டும் இல்லை என்பதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கோடாய் என்றால் ஐந்து பெரிய காவல் தெய்வங்கள், ஜப்பானில் ம்யோ-ஓ என்பார்கள். நடுவில் ஃபூடோ, நம் பக்கத்து நூல்களில் அசலர் என்று வருபவர். குண்டலி, யமாந்தகர் என்று மற்றவர்களின் பெயரைக் கேட்டாலும் எங்கிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்பது நமக்குத் தெரிந்துவிடும். உலகம் அமைதியாக இருக்க வேண்டும் என்று அவர்களிடம் வேண்டிக்கொள்வதற்காகக் கட்டிய மண்டபம் அது. வருகிறவர்களில் பெரும்பாலோர் தெய்வத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியோரம் வரிசை கட்டுகிறார்கள், நாலு படம், இறங்கிவிடுகிறார்கள். முதலில் உள்பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்புறம் ஓரமாக ஒரு பத்து நிமிடம் இருந்து பாருங்கள். மரத்தில் பெயர் எழுதுவது, ஸ்டிக்கர் ஒட்டுவது எல்லாம் ஏற்கெனவே நிறைய நடந்திருக்கிறது, உங்கள் பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள்.

யூடியூபில் ஒருவர் இதை “செத்தவர்களின் மலை” என்று சொன்னார். உச்சியில் கல்யாணப் பொம்மைகள் இருக்கிறதாம். எட்டு வயது, பதினோரு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம், பயப்படுவார்களா?
– ஒரு வாசகி, சென்னை

அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பயமுறுத்துகிற மாதிரி சொன்னது சரியில்லை. இதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன்.

இந்தப் பகுதி மக்கள் நெடுங்காலமாக, இறந்தவர்களின் ஆன்மா இந்த மலைக்கு வந்து சேரும் என்று நம்புகிறார்கள். நீங்கள் ஏறும்போதே அது புரியும். கொஞ்சம் ஏறியதும் உபாடோ என்று ஒரு சிறு மண்டபம், உள்ளே தட்சுயேபா என்ற கிழவியின் கற்சிலை. இறந்தவர்கள் மறுவுலகின் ஆற்றைக் கடக்கும் இடத்தில் அவர்களுடைய துணியை உருவி எடுத்துக்கொள்பவள் அவள். இந்த மண்டபத்துக்குக் கீழே நரகம், மேலே சொர்க்கம் என்று கணக்கு. பழைய காலத்தில் பக்கத்து ஓடையில் குளித்து, புதுத்துணி உடுத்தி, பழையதைக் கிழவியிடம் விட்டுவிட்டு மேலே ஏறுவார்களாம்.

மேலே போகப் போகப் பாறை முழுக்கப் பொந்து பொந்தாக இருக்கும். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான பாறை, காற்றும் மழையும் அரித்து அப்படி ஆகியிருக்கிறது. மிடாஹோரா என்ற செங்குத்துப் பாறை அப்படி அரித்ததிலேயே ஐந்து மீட்டர் உயர அமிதாப புத்தர் மாதிரி வடிவெடுத்திருக்கிறது, புத்தராகத் தெரிந்தவர்களுக்கு நல்லது நடக்கும் என்பார்கள். பிள்ளைகளிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள், பெரியவர்களைவிடச் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள். அந்தப் பாறைகளிலும் இறந்தவர்களுக்கான நினைவு எழுத்துகள் செதுக்கியிருக்கின்றன. வழியோரத்தில் மரக்கம்பங்களில் சின்னச் சக்கரம் பொருத்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். இளம் வயதில் போனவர்களுக்காக நட்டது, நமு அமிதா புத்சு என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினால் அவர்கள் சீக்கிரம் மறுபடி பிறந்து வருவார்கள் என்று நம்பிக்கை.

இனி அந்தப் பொம்மைகள். யமகாட்டா பக்கத்தில் முகசாரி எமா என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன மகனுக்கோ மகளுக்கோ, கல்யாண உடையில், பக்கத்தில் ஒரு கற்பனைத் துணையோடு படம் வரைந்து கோயிலில் வைப்பார்கள். துணையாக உயிரோடு இருக்கும் யாரையும் வரையக்கூடாது என்பது கண்டிப்பு. படத்துக்குப் பதில் மணமக்கள் பொம்மையும் வைப்பதுண்டு. நம் ஊரில் கன்னியாகவே போய்விட்ட பெண்ணைக் கன்னித் தெய்வமாக்கி, வருடா வருடம் புதுப்பாவாடையோ புடவையோ வைத்துக் கும்பிடும் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன, அதே மனசுதான் இது. அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டோமே என்ற தவிப்பு எந்த நாட்டுப் பெற்றோருக்கும் ஒன்றுதான். ஆகவே அந்தப் படங்களை அமானுஷ்யம், திகில் என்றெல்லாம் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ ஒரு வீட்டில் அந்தப் பிள்ளையின் அப்பா அம்மா இன்னும் இருக்கலாம்.

பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். இது இன்னார் தங்கள் பிள்ளை நினைவாக வைத்தது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் நம்மைவிட மரியாதையாக நடந்துகொள்வார்கள். சன்னதிகளின் உள்ளே படம் எடுக்கக்கூடாது, அதை மட்டும் போனை வாங்கி வைத்துக்கொண்டு உறுதி செய்யுங்கள்.

ஹைக்கூ எழுதுகிறவன் நான். பாஷோ சில்வண்டு கவிதையை எழுதியது இங்கேதானே? அந்தச் சத்தத்தை இப்போதும் கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், புதுச்சேரி

இங்கேதான். 1689 ஜூலை 13, நம் கணக்கில். ஒபனாசவா என்ற ஊரில் தங்கியிருந்தபோது அங்குள்ளவர்கள் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும் என்று சொன்னதால், போக வேண்டிய வழியை விட்டுவிட்டுத் தெற்கே ஏழு ரி தூரம், ஏறக்குறைய 28 கிலோமீட்டர், நடந்து வந்தார். கூடவே சீடர் சோரா. வந்த அன்றே, வெளிச்சம் இருக்கும்போதே மலையேறினார்கள். பாறைக்குள் ஊடுருவிப் போகும் சில்வண்டுச் சத்தமும் அதற்குள் இருக்கும் நிசப்தமும்தான் அந்தக் கவிதை.

எந்த வகைச் சில்வண்டு என்று பின்னால் பெரிய சண்டையே நடந்தது. யமகாட்டாக்காரரான கவிஞர் சைட்டோ மொகிச்சி, அபுரா என்ற உரத்த வகைதான் என்றார். இலக்கிய ஆய்வாளர் கொமியா டொயோடகா, இல்லை, நீ நீ என்று மெல்லிசாகக் கத்தும் வகை என்றார். மொகிச்சி விடவில்லை. பாஷோ வந்த பருவத்தில் இங்கே என்னென்ன கத்துகிறது என்று பூச்சிகளைப் பிடித்துப் பார்க்கும் அளவுக்குப் போய், கடைசியில் கொமியா சொன்னதுதான் பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டார். ஒரு கவிதையின் ஒரு சொல்லுக்காக இவ்வளவு தூரம் போனவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு.

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு வரை போனால் கேட்கலாம். பாதி வழியில் செமிஸுகா என்று ஒரு கல் நிற்கும், பாஷோவின் வழியில் வந்தவர்கள் அந்தக் கவிதை எழுதிய தாளைப் புதைத்து மேலே நட்டது. அங்கே பெஞ்சு இருக்கிறது. வெயில், வியர்வை, கொசு எல்லாம் உண்டு, தண்ணீர் எடுத்துப் போங்கள். கவிதை வருமோ வராதோ, சத்தம் நிச்சயம்.

நாங்கள் பௌத்தர்கள் இல்லை. கும்பிடலாமா? முறை ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், ஈரோடு

தாராளமாகக் கும்பிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். காசு போட்டுவிட்டு, தலை குனிந்து, கை கூப்பினால் போதும். கை தட்டக்கூடாது, தட்டுவது ஷின்டோ ஆலயங்களில். குழப்பம் என்னவென்றால் அடிவாரத்திலேயே ஹியே என்ற ஷின்டோ ஆலயமும் இருக்கிறது, அங்கே தட்டலாம். மலைவாசலில் நுழைவுக்குச் சில நூறு யென் வாங்குகிறார்கள், மூல மண்டபத்துக்குள் போக ஒரு சின்னத் தொகை தனி.

அந்தத் தொகையைக் கொடுத்து உள்ளே போங்கள் என்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டுக்குள் நுழைந்தால் ஓர் அணையா விளக்கு எரியும். கியோட்டோவை ஒட்டிய ஹியே மலையில் இருக்கும் தாய்க்கோயில் என்ர்யாகுஜியிலிருந்து கொண்டுவந்த நெருப்பு. 1571-ல் போர்த்தலைவன் ஓடா நொபுனாகா என்ர்யாகுஜியை எரித்துத் தரைமட்டமாக்கியபோது அங்கே விளக்கு அணைந்துபோனது. திரும்பக் கட்டியபோது நெருப்பை எங்கே போய் எடுத்தார்கள் என்றால், இங்கே வந்துதான். தாய்க்கோயிலுக்குப் பிள்ளைக்கோயில் திருப்பிக் கொடுத்த நெருப்பு. மேலே ஏறும் அவசரத்தில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

சுத்த சைவம். அங்கே என்ன சாப்பிடுவது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

கையில் கொண்டு போங்கள், அதுதான் நிம்மதி. அடிவாரத்துக் கடைகளில் பெரிய பாத்திரத்தில் உருண்டை உருண்டையாக வெந்துகொண்டிருப்பது டாமா கொன்னியாக்கு, ஒரு கிழங்கு மாவில் செய்தது, குச்சியில் குத்திக் கடுகு தடவித் தருவார்கள். ஏறுவதற்கு முன்னால் அதைச் சாப்பிட்டால் தெம்பு என்று ஊரில் சொல்வார்கள். பார்க்கச் சைவம்தான், ஆனால் சோயா சாஸோடு காய்ந்த கணவாயும் போட்டு வேக வைப்பது இங்கே வழக்கம், கேட்காமல் வாங்காதீர்கள். சோபா நூடுல்ஸ் குழம்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் போனால் யமகாட்டா செர்ரி கிடைக்கும், ஜப்பானிலேயே அதிகமாக இங்கேதான் விளைகிறது. அதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடுங்கள்.

ஜனவரியில்தான் லீவு கிடைக்கிறது. பனியில் போகலாமா?
– ஒரு வாசகர், துபாய்

போகலாம், கோயில் திறந்துதான் இருக்கும். பனி மூடிய பாறையும் கறுப்பு மரங்களும் தவறவிடக்கூடாதவை, கூட்டமே இருக்காது. ஆனால் மிதித்து மிதித்துப் படிகள் பனிக்கட்டியாகிவிடும், பல இடங்களில் படி என்றே தெரியாமல் சரிவாக இருக்கும். சாதாரண ஷூவோடு ஏறவே ஏறாதீர்கள். பனி பூட்ஸ், அதன்மேல் மாட்டும் இரும்புப் பல் பட்டை, நல்ல கையுறை மூன்றும் வேண்டும், செண்டாயிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பனிப்பொழிவு அதிகமானால் ரயில் தாமதமாகும், அதே நாளில் விமானம் பிடிக்கிற மாதிரி திட்டம் போடாதீர்கள். சீக்கிரம் இருட்டிவிடும், சாத்தும் நேரமும் முன்னதாக வரும், எனவே மதியத்துக்கு முன்பே ஏறி, வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள். வழியில் ஏதாவது பகுதியைக் கயிறு கட்டி மூடியிருந்தால் தாண்டாதீர்கள், அது கோடாய்டோவுக்குப் போகும் வழியாக இருந்தாலும் சரி.